சூரியனுக்குப் பின்னால் போன புள்ளி

வரைபு கீழே போகவேண்டிய இடத்தில் போகவில்லை. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் கம்பஸில் தற்காலிக விரிவுரையாளர். பௌதிகவியல் துறையின் மேல்மாடியில் சத்தம் போடும் மின்விசிறி உள்ள ஒரு சின்ன அறையை இன்னொரு தற்காலிக விரிவுரையாளரோடு பகிர்ந்துகொண்டேன். அவள் இணுவில்காரி. வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்யும் வீட்டுப் பிள்ளை, என்னைவிட நாலைந்து வயது இளையவள். நான் கலியாணம் செய்து பருத்தித்துறையில் மனைவி வீட்டில் மாமியோடு இருந்தேன். நாங்கள் இருவரும் வெளிநாட்டிலுள்ள ஒரே பேராசிரியரின் கீழ் பகுதிநேரமாக ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்திருந்தோம். எங்களிடம் தொலைகாட்டி கிடையாது. அவர் அனுப்பும் எண்களை வைத்துத்தான் எங்கள் வேலை.

வேலை இதுதான். எங்கோ மிகத் தொலைவில் ஒரு பெரிய நட்சத்திரம் தன் பாரத்தைத் தாங்கமாட்டாமல் உள்ளே இடிந்து விழும்போது சில வினாடிகளுக்குக் காமாக் கதிர் பாய்ச்சும். அந்த மின்னல் அடங்கிய பிறகும் அதே இடத்தில் ஒரு வெளிச்சம் நாட்கணக்கில் மங்கிக்கொண்டு போகும். அதைப் பின்னொளிர்வு என்போம். வெடிப்பிலிருந்து ஒரே திசையில் பீறிட்ட பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதுவதால் வரும் வெளிச்சம் அது என்று எல்லோரும் பாவிக்கும் பழைய மாதிரியுரு சொல்கிறது. எந்த வேகத்தில் மங்கவேண்டும், சில நாட்களின் பின் எப்படி வளைந்து இன்னும் வேகமாக விழவேண்டும் என்பதையும் அது சொல்கிறது. அது சொல்வதை அளவீடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத இடத்தில்தான் ஆய்வுக்கட்டுரை பிறக்கும்.

எங்களுக்கு வந்த அந்த வெடிப்பில் பின்னொளிர்வு முதல் வாரம் ஒழுங்காக மங்கியது. பிறகு செங்குத்தாக விழவேண்டிய கட்டத்தில் வரைபு தட்டையாக நின்றுவிட்டது. கடைசிப் புள்ளிகள் ஒரே மட்டத்தில் வரிசையாக இருந்தன. எக்ஸ்கதிரில் பார்த்துக்கொண்டிருந்த செய்மதிக்கு அதற்கு முன்பே ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. ஆகவே நம்புவதற்கு அந்தப் புள்ளிகள் மட்டும்தான்.

எனக்கு உடனே பிடித்துக்கொண்டது. வெடிப்பின் நடுவில் ஏதோ சாகாமல் மிஞ்சியிருக்கிறது என்று நினைத்தேன். வெறிகொண்டு சுழலும் ஒரு நியூத்திரன் நட்சத்திரம் பின்னாலிருந்து சக்தியை ஊட்டிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் வெளிச்சம் விழவில்லை. சமன்பாட்டில் அந்த ஊட்டலைச் சேர்த்தேன். கோடு புள்ளிகளுக்கு ஊடாக வழுக்கிக்கொண்டு போனது.

இணுவில்காரி என் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, உது கலக்ஸியின்ரை வெளிச்சமாயும் இருக்கலாம்."

"எந்தக் கலக்ஸி?"

"நட்சத்திரம் வெடிச்சது ஒரு கலக்ஸிக்குள்ளைதானே. பின்னொளிர்வு மங்க மங்க, பின்னாலை நிண்ட கலக்ஸி தெரிய வெளிக்கிடும். கலக்ஸி மங்காது. வரைபு தட்டையாத்தான் நிக்கும்."

"அந்த இடத்துப் பழைய படங்களை நான் பாத்தனான். ஒண்டும் இல்லை."

"பழைய படங்களிலை அவ்வளவு மங்கலானது விழாது அண்ணை."

அதைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. பின்னொளிர்வு முழுவதும் அணைந்த பிறகு பெரிய தொலைகாட்டி ஒன்றால் அதே இடத்தை மறுபடி படம்பிடிக்கவேண்டும். அப்போதும் அங்கே அதே அளவு வெளிச்சம் இருந்தால் அது விண்மீன் மண்டலம், அவள் சொன்ன கலக்ஸி. இருளாக இருந்தால் நான் சொன்னது நிற்கும். பேராசிரியர் தொலைகாட்டி நேரம் கேட்டு எழுதினார். கிடைக்கும் என்றார்கள், ஆனால் அந்தத் திசை அப்போதுதான் சூரியனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பூமி தன் பாதையில் நகர்ந்து அந்தப் புள்ளி மறுபடி இராவானத்துக்கு வரப் பல மாதம் செல்லும். யாரைப் பிடித்தும் அதைக் கெதிப்படுத்த முடியாது.

நான் காத்திருக்கத் தெரிந்தவன் அல்ல. ஒரு சனிக்கிழமை காலை, பொருத்தத்தை இன்னும் நல்லாக்கும் வழி ஒன்று தோன்றியது. திங்கட்கிழமை அறையில் காட்டியிருக்கலாம். லப்டொப்பை நெஞ்சோடு பையில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இணுவிலுக்கு வெளிக்கிட்டேன். கந்தசுவாமி கோயிலடி தாண்டி ஒழுங்கைக்குள் திரும்பும்போது எரு மூட்டை ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று எதிரே வந்தது. அதை ஓட்டியவர் மெதுவாகத்தான் வந்தார். நான்தான் வேகம். மதகில் அடித்து விழுந்தேன். எழும்பப் பார்த்தபோது வலது கால் என்னோடு எழும்பவில்லை.

லான்ட்மாஸ்டர்க்காரர் என்னை ஓட்டோ ஒன்றில் ஏற்றித் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. எலும்பை நேராக்கித் தொடைவரை பிளாஸ்டர் போட்டார்கள். மனைவி பஸ் மாறி மாறி வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. அவள் பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிப்பவள். என் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை இணுவிலிலை உங்களுக்கு என்ன?"

"ஒரு வரைபு காட்டவேண்டியிருந்தது."

"வரைபு," என்றாள். போத்தலில் கொண்டுவந்த கஞ்சியை ஊற்றினாள்.

அடுத்தநாள் இணுவில்காரி தகப்பனாரோடு வந்தாள். தகப்பனார் ஒரு பை தோடம்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, தங்கள் ஒழுங்கையில் இப்படி நடந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். நான் அவளிடம் அந்தப் புது வழியைச் சொல்லத் தொடங்கினேன்.

"அண்ணை, முதல்லை காலை ஆட்டாமல் படுங்கோ," என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான ஆக்கினை தொடங்கியது. பருத்தித்துறையில் எங்கள் வீடு கடற்கரை றோட்டுக்கு அடுத்த தெருவில். விடிய வள்ளங்கள் திரும்பும் சத்தம், சந்தையில் மீனை ஏலம் கூறும் சத்தம், ஐஸ் லொறி, பிறகு யாழ்ப்பாண பஸ்ஸின் கோன் சத்தம். ஊரில் எல்லாம் ஏதோ ஒரு திசைக்குப் போய்க்கொண்டிருந்தது, என்னைத் தவிர. கதிரையில் இருந்தால் கட்டிலுக்குப் போகவேண்டும்போல் இருக்கும். கட்டிலில் கிடந்தால் விறாந்தைக்கு. விறாந்தைக்கு வந்தால் குசினியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வீடு முழுக்க அலைந்தேன்.

"தம்பி, உந்தப் பொல்லுச் சத்தம் எனக்குத் தலைக்குள்ளை இடிக்குது," என்று மாமி ஒருநாள் சொல்லியே விட்டார். "ஒரு இடத்திலை இருந்தால் என்ன?"

இருக்கமுடியவில்லை. பிளாஸ்டருக்குள் கால் அரித்தது. தலைக்குள் அந்தத் தட்டைப் புள்ளிகள் அரித்தன. லப்டொப்பைத் தலையணையில் வைத்துக்கொண்டு பொருத்தியதையே திருப்பித் திருப்பிப் பொருத்தினேன். சுற்றியுள்ள வாயு எங்கும் ஒரே அடர்த்தியாக இல்லை என்று வைத்துப் பார்த்தேன். கோடு இன்னும் நெருங்கியது. பீறிட்ட பொருள் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகிறது என்று வைத்தேன். இன்னும் நெருங்கியது. ஒவ்வொன்றையும் இணுவில்காரிக்கு அனுப்பினேன். முதலில் ஒன்றிரண்டு சொல்லில் பதில் வந்தது. பிறகு வரவில்லை. பதில் இல்லாதது என்னை இன்னும் கிளப்பியது. இன்னும் அனுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை அவளே பஸ்ஸில் வந்தாள். விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். நான் லப்டொப்பைத் திறக்கப்போனேன்.

"வேண்டாம் அண்ணை, நான் எல்லாம் பாத்தனான்," என்றாள். "ஒரு கேள்வி கேக்கத்தான் வந்தனான். படம் வர முதல் சொல்லோணும். என்ன வந்தால் உந்த மொடலை விடுவியள்?"

"வந்தாப் பாப்பம்."

"வந்தாப் பிறகு இல்லை. இப்ப சொல்லுங்கோ."

"சரி, கலக்ஸி தெரிஞ்சால்..." என்று தொடங்கி நிறுத்தினேன். "கலக்ஸி கொஞ்சம் இருக்கலாம். அதோடை சக்தி ஊட்டலும் இருக்கலாம்தானே."

"எவ்வளவு கொஞ்சம்?"

நான் பொல்லை எடுத்துக் கதிரையின் மற்றப் பக்கம் சாத்தி வைத்தேன்.

"பாதி கலக்ஸி எண்டால் வாயுவைக் குறைப்பியள். முக்கால் எண்டால் சுழற்சியைக் குறைப்பியள். எது வந்தாலும் உங்கடை மொடல் ஓம் எண்டுதான் சொல்லப்போகுது. பிறகேன் அந்தப் பெரிய தொலைகாட்டி? அந்த நேரத்தை வேற ஆருக்காவது குடுக்கலாமே."

"நீர் எனக்குப் பாடம் எடுக்க வந்தனீரோ?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணை, போட்டுவாறன்," என்று எழும்பினாள். படலைவரை மனைவிதான் போனாள். திரும்பி வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"அந்தப் பிள்ளை கேட்டதுக்கு ஏன் மறுமொழி சொல்லேல்லை?"

"உமக்கு உது விளங்காது."

"விளங்கினது. எது நடந்தாப் பிழை எண்டு ஒத்துக்கொள்ளுவியள் எண்டு கேட்டவ. அதுக்குப் பௌதிகம் படிக்கத் தேவையில்லையே."

அந்த வாரம் நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்றேன், யன்னலைச் சாத்து என்றேன், சாத்தினால் புழுங்குகிறது என்றேன். கோபம் இணுவில்காரி மேலா என்று யோசித்தால் இல்லை. அவளுடைய கேள்விக்குக் கணக்கில் விடை இருந்தது. எடுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். கடைசியில் ஒரு காலைநேரம், வீட்டில் யாருமில்லாதபோது, சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வாயுவின் ஏற்ற இறக்கம், ஓரத்து மெதுவான பகுதி, எல்லாவற்றையும். ஊட்டல் மட்டும் மிஞ்சியது. தட்டையான வெளிச்சத்தில் எவ்வளவைக் கழித்தால் மிச்சம் அளவீட்டு வழுவுக்குள் அடங்கி, ஊட்டலுக்குத் தேவையே இல்லாமல் போகும் என்று கணக்குப் பார்த்தேன். விடை வந்ததும் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"முக்கால்வாசிக்கு மேலை கலக்ஸி எண்டால் நான் விடுறன்," என்றேன்.

மறுமுனையில், தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டரை அவள் நிறுத்துவது கேட்டது.

"கால்வாசிக்குக் குறைவெண்டால் நான் விடுறன் அண்ணை," என்றாள். "நடுவிலை வந்தால் ரெண்டுபேரும் திருப்பி இருந்து யோசிப்பம்."

அதன் பிறகாவது மனம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. முன்பு ஏதோ செய்துகொண்டாவது இருந்தேன், இப்போது செய்யவும் ஒன்றுமில்லை. பிளாஸ்டர் வெட்டினார்கள். உள்ளேயிருந்து வெளிறிப்போன மெலிந்த கால் ஒன்று வந்தது, யாரோ வேறு ஆளுடையதைப் போல. நடந்து பழகச் சொன்னார்கள். பின்னேரங்களில் மனைவியோடு கடற்கரை றோட்டில் பொல்லை ஊன்றி நடப்பேன். அந்தப் புள்ளி சூரியனை விட்டு விலகி விடியற்காலை வானத்துக்கு வந்துவிட்டிருந்தது. தொலைகாட்டிக்கு நாள் குறித்தார்கள். அன்று தொலைகாட்டி இருந்த மலையில் முகில். இன்னொரு நாள் குறித்தார்கள். அன்றும் முகில். நான் நடக்கும்போதும் போனைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்த மலையின் காலநிலையைக் காட்டும் பக்கம் ஒன்று இருந்தது.

"நான் சொன்னது கேட்டதோ?" என்று மனைவி ஒருநாள் நின்றாள். வலை காயப்போட்டிருந்த வேலிக்குப் பக்கத்தில்.

"என்ன?"

"இடமாற்றம் வந்திட்டுது. வன்னிக்கு. அடுத்த தவணையிலை இருந்து அங்கை."

போனைப் பையில் வைத்தேன். "எப்ப வந்தது?"

"முந்தநாள். காலமை சொன்னனான், நீங்கள் ஓம் எண்டு தலையாட்டினீங்கள். நீங்கள் சூரியன் விலகுமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறியள். நான் தவணை தொடங்க எங்கை தங்கிறது எண்டு யோசிக்கிறன்."

அழவில்லை, கோபிக்கவுமில்லை. களைத்துப்போன குரல். நாங்கள் அன்று நெடுநேரம் கடல் பக்கமாக இருந்தோம். ஒவ்வொரு நாளும் போய்வர முடியாத தூரம். கிழமை நாட்களில் அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை வரவேண்டும். மேன்முறையீடு செய்யலாம், ஆனால் அது முடியும்வரை போகத்தான் வேண்டும்.

விடுமுறையில் அறை பார்க்க இருவரும் போனோம். வரவேண்டாம், காலுக்குக் கூடாது என்றாள். நான் வந்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில் பக்கத்து அறையை வாடகைக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கார அக்கா கிணற்றையும் குளிக்கும் இடத்தையும் காட்டினார். மனைவி யன்னல் கதவைச் சாத்திப் பார்த்தாள், கொண்டியை இழுத்துப் பார்த்தாள். "சரி," என்றாள். என் போனில் அங்கே சிக்னல் இல்லை. முதல் மணித்தியாலம் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பிறகு அந்த அறைக்கு அலுமாரி வைக்க இடம் அளந்ததில் மறந்துபோனேன்.

திரும்பி வரும்போது ஆனையிறவு தாண்டியதும் போன் நடுங்கியது. பேராசிரியரிடமிருந்து. படம் எடுத்தாயிற்று.

"வந்திட்டுதோ?" என்று மனைவி கேட்டாள். அவள் யன்னல் பக்கம் இருந்தாள்.

"ஓம்."

"பின்னை திறவுங்கோவன்."

பஸ் ஆட்டத்தில் படம் மெதுவாக இறங்கியது. எங்கள் புள்ளி இருந்த இடத்தில் இருள் இல்லை. நீளமாக, மங்கலாக ஒரு கறை, தூசி படிந்த கண்ணாடியில் விரலை இழுத்ததுபோல. வெடிப்பு நடந்த இடம் அதன் ஓரத்தில்.

"உதுதான் கலக்ஸியோ?"

"ஓம்."

"அப்ப அவ வெண்டிட்டாவோ?"

"இன்னும் அளக்கேல்லை," என்றேன். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. கொடிகாமத்தில் பஸ் நின்று எடுத்தது. பிறகு அவள் தன் கையை என் முழங்காலில் வைத்தாள், நோகாத பக்கத்தில்.

அடுத்தநாள் காலை அளந்தேன். தட்டையான வெளிச்சத்தில் அநேகமாக முழுவதும் அந்தக் கறையினுடையது. முக்காலைத் தாண்டி எங்கோ போயிருந்தது. நான் கொடுத்த வாக்கில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் விண்மீன் மண்டலத்தின் பங்கைக் கழித்து வரைபை மறுபடி கீறினேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். தட்டையாக நின்ற புள்ளிகள் எல்லாம் கீழே இறங்கியிருந்தன. தாறுமாறாக இல்லை. ஒரு வளைவில், பிறகு வேகமாக. பழைய மாதிரியுரு சில நாட்களின் பின் விழவேண்டும் என்று சொன்ன அதே விழுகை. இவ்வளவு நாளும் அது அந்த மண்டலத்தின் வெளிச்சத்துக்குக் கீழே மறைந்து கிடந்திருக்கிறது. எழும்பி வீட்டை ஒரு சுற்று நடந்தேன். வந்து மறுபடி பார்த்தேன். என்னுடையது தோற்றதைவிட, பழையது இவ்வளவு வடிவாகப் பொருந்தியதுதான் என்னை உறுத்தியது. எவரோ எப்போதோ தாளில் எழுதிய சமன்பாடு, இந்த வெடிப்பை அறியாமலே, இதன் கதையைச் சொல்லியிருந்தது. அதோடு நெஞ்சுக்குள் ஏதோ இளகியதும் உண்மை. அதை அப்போது நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இணுவில்காரிக்குப் போன் எடுத்தேன். வென்றுவிட்டேன் என்று துள்ளுவாள் என எதிர்பார்த்தேன்.

"அளவு திருத்தம் செய்ய எடுத்த நட்சத்திரங்களைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். "ரெண்டு தொலைகாட்டியின்ரை ஒளி வடிகட்டியும் ஒரே மாதிரி இல்லையே. அந்த வித்தியாசத்தாலை கலக்ஸி கூடுதலாத் தெரியுதோ தெரியேல்லை."

"நீர் சொன்னதுதானே சரியா வந்திருக்கு. பிறகென்ன?"

"அதாலைதான் கேக்கிறன் அண்ணை. நான் சொன்னது எண்டதாலை நான் வடிவாப் பாக்காமல் விட்டிடுவன்."

அந்த வாரம் முழுவதும் இருவரும் அதைச் சோதித்தோம். அவள் தன் பக்கத்தை உடைக்கப் பார்த்தாள், நான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருநாள் இதைச் சொல்லி இருவரும் சிரித்தோம். மண்டலம் அசையவில்லை. அளவு கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் முக்காலுக்கு மேல்தான்.

ஆய்வுக்கட்டுரையில் என் நியூத்திரன் நட்சத்திரத்துக்கு ஒரு பந்தி கிடைத்தது. சக்தி ஊட்டல் இருந்திருந்தால் இந்த அளவுக்கு மேல் இருந்திருக்க முடியாது என்று சொல்லும் பந்தி. மாதக்கணக்கில் படுத்தும் நொண்டியும் செய்த வேலை அதற்குள் அடங்கிவிட்டது. பேராசிரியர் அந்தப் பந்தி முக்கியம் என்று எழுதினார். நான் நம்பினேன், பிறகு நம்பவில்லை, பிறகு மறுபடி நம்பினேன்.

தவணை தொடங்கியது. மனைவி திங்கள் விடியப் பையோடு வன்னி பஸ் ஏறினாள். நான் யாழ்ப்பாண பஸ்ஸில் கம்பஸுக்குப் போனேன். மோட்டார் சைக்கிளை மாமி விற்கச் சொன்னார், இன்னும் விற்கவில்லை. வீட்டில் அவள் இல்லாத கிழமை நாட்களில் அறை அறையாக அலைந்தேன். இப்போது அலைவதற்கு வரைபைச் சாட்டமுடியவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது நான் சந்தையில் பாரை மீன் வாங்கி வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள், கட்டுரை அனுப்பியாச்சோ என்று. அனுப்பியாச்சு என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப முந்தியே இருந்த மொடல்தான் சரியோ?"

"இந்த வெடிப்புக்குச் சரி."

"அடுத்ததுக்கு?"

"தெரியாது. வந்தாப்பிறகுதான் பாக்கோணும்."

"எனக்கு அங்கை முதல் வகுப்பிலை முப்பது பிள்ளையள்," என்றாள். "ஒண்டும் ஒரு இடத்திலை இருக்குதுகள் இல்லை." கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு வந்தாள். "மீனை வெட்டினீங்களோ, இல்லாட்டி நான்தான் வெட்டோணுமோ?"

வெட்டவில்லை. இருவரும் குசினிக்குப் போனோம்.